பொட்டு வைத்த ஹார்ட் டிஸ்க்

என் கடைக்கு முதல் தடவை வருகிறவர்கள் பெரும்பாலும் எனக்குப் பிடிக்காத ஒரு காரியத்தைச் செய்துவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். ராஜபாளையத்தில் பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். மலைப்பக்கமிருந்து காற்று கிளம்பிவிட்டால் வாசல் கதவு படார் படாரென்று அடித்துக்கொள்ளும். அதற்கு முட்டுக்கொடுக்கத் தரையில் ஒரு பழைய ஹார்ட் டிஸ்க்கைப் போட்டு வைத்திருக்கிறேன். மேசை மேல் வைத்துப் பயன்படுத்துகிற பெரிய வகை. இரும்புக் கூடு, அரைச் செங்கல் கனம் இருக்கும். அதன் நெற்றியில் காய்ந்து வெடித்த சந்தனமும், நடுவில் கறுத்துப்போன குங்குமமும் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. வருகிறவர்கள் அதைக் கண்டதும் பதறிவிடுவார்கள். "ஐயையோ, பொட்டு வச்ச பொருளு கீழ கெடக்கே" என்று குனிந்து எடுத்து, சிலர் கண்ணில்கூட ஒற்றிக்கொண்டு, என் மேசை மேல் வைப்பார்கள். அவர்கள் போனபின் நான் அதை எடுத்து மறுபடியும் தரையில் போடுவேன். இவளுக்குச் சாமி பயம் கிடையாது என்று சந்துக்குள் ஒரு பேச்சு உண்டு. சாமியோடு எனக்கு ஒரு தகராறும் இல்லை. எனக்குக் குமட்டுவது ஒரு மனிதரை நினைத்தால்தான்.

கடை வைப்பதற்கு முன்பு நான் இங்கே ஒரு நூல் மில்லில் சிஸ்டம்ஸ் பிரிவில் வேலை பார்த்தேன். பிரிவு என்றால் நானும் ஒரு நாற்காலியும்தான். அந்த மில்லை நடத்தியவரை எல்லோரும் மேனேஜர் அய்யா என்போம். முதலாளி கோயம்புத்தூரில் இருந்தார். எங்களுக்கு எல்லாம் இவர்தான். குரலை உயர்த்தியே பேச மாட்டார். பெண் பிள்ளைகள் அத்தனை பேரையும் "தாயி" என்றுதான் கூப்பிடுவார். யாரையும் திட்டியதில்லை, யாருக்கும் லீவும் கொடுத்ததில்லை. லீவு கேட்டுப் போனால் கண்ணை மூடிக்கொண்டு, "நம்ம கையில என்ன தாயி இருக்கு" என்று மேலே கையைக் காட்டுவார். மேலே மின்விசிறிதான் இருக்கும். வாரத்துக்கு ஒருமுறை ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ச் சாமி கும்பிட்டுவிட்டுப் பால்கோவாவோடு வருவார். அதைத் தன் விரலாலேயே கிள்ளிக் கிள்ளி ஒவ்வொருவர் கையிலும் வைப்பார். கிள்ளிய விரலைச் சப்பிவிட்டு அடுத்தவருக்குக் கிள்ளுவார். நான் வாங்கி, நகர்ந்துபோய், ஜன்னலுக்கு வெளியே காக்கைக்கு வைத்துவிடுவேன். அந்த விரலை முதல் தடவை பார்த்தபோதே எனக்கு ஒரு அருவருப்பு வந்தது. அது வெறும் எச்சில் அருவருப்பு என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

மில்லில் ஆயுத பூஜை என்றால் சின்ன விஷயம் இல்லை. முந்தின நாள் முழுக்க மெஷின்களைத் துடைத்துக் கழுவுவார்கள். நூல் மில்லில் தூசி என்பது பஞ்சுதான். அது மெஷினின் எல்லா இடுக்கிலும் புகுந்து, எண்ணெயோடு சேர்ந்து திரி திரியாய் அடைந்துகிடக்கும். அதை நோண்டி எடுக்க வேண்டும். முறைப்படி மெஷினை நிறுத்திவிட்டுத்தான் அதைச் செய்ய வேண்டும். ஆனால் மெஷின் நின்றால் உற்பத்தி நிற்கும். மறுநாள் எப்படியும் பூஜைக்கு எல்லாம் நிற்கப்போகிறது, முந்தின நாளும் நிறுத்துவதா என்பது மேனேஜர் அய்யாவின் கணக்கு. அதனால் ஓட ஓடவே துடைப்பார்கள். துடைத்து முடித்த ஒவ்வொரு மெஷினுக்கும் அவரே தன் கையால் பொட்டு வைப்பார். வேட்டியை மடித்துக் கட்டி, வெள்ளித் தட்டில் சந்தனம், குங்குமம், பூ எடுத்துக்கொண்டு வரிசையாக வருவார். நல்ல நேரம் முடிவதற்குள் கடைசி மெஷின்வரை வைத்துவிட வேண்டும். ஓட்டமும் நடையுமாக வந்தாலும் தட்டு மட்டும் ஆடாது.

அந்த வருடம் அப்படி அவர் பொட்டு வைத்துக்கொண்டு வந்த சாயங்காலம்தான், நூல் சுற்றுகிற வைண்டிங் பிரிவிலிருந்து துடைக்கிற வேலைக்காக அழைத்துவரப்பட்ட ஒரு அக்காவின் கை கார்டிங் மெஷினுக்குள் போய்விட்டது. கார்டிங் என்பது பஞ்சைச் சீவிச் சிக்கெடுக்கிற மெஷின். உள்ளே ஊசி ஊசியாய்ப் பல் வைத்த உருளைகள் சுற்றிக்கொண்டிருக்கும். அதற்கு மேல் நான் விவரிக்கப் போவதில்லை. வலது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான் மிஞ்சின. நான் அப்போது அலுவலகக் கட்டடத்தில் இருந்தேன். சத்தம் கேட்டு ஓடிப்போனபோது அக்காவைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். மறுநாள் காலையில் அந்த மெஷினைத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, துடைத்து, அதற்கும் பொட்டு வைத்து, கதம்ப மாலை போட்டிருந்தார்கள். அக்கா ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இங்கே பொரியும் சுண்டலும் கொடுத்தார்கள். என் கையிலும் ஒரு பொட்டலத்தைத் திணித்தார்கள். அதைப் பிரிக்காமல் குப்பைக் கூடையில் போட்டேன்.

அதற்குப் பிறகு மில்லில் ஒரே கதைதான். மேனேஜர் அய்யா அந்த அமைதியான குரலில் எல்லோரிடமும் சொன்னார்: "மெஷின நிப்பாட்டிட்டு வாரேன், கைய விடாத தாயின்னு சொன்னேன். கேக்கல. வீட்டுக்குப் போற அவசரம்." விபத்து விசாரணைக்கு எழுதிக் கொடுத்ததிலும் அதுதான். சொல்லச் சொல்ல அது உண்மை மாதிரியே ஆகிவிட்டது. கூட வேலை பார்த்தவர்கள்கூட, "பண்டிகை நாளு, அவளுக்கு வீட்டு நெனப்பு" என்று ஆரம்பித்துவிட்டார்கள். அன்றைக்கு அந்த மெஷினுக்குப் பக்கத்தில் அவரையும் அக்காவையும் தவிர யாரும் இல்லை.

அக்காவை நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் அவள் வீட்டில் போய்ப் பார்த்தேன். தேர் நிற்கிற இடத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு மாடி அறை. தினமும் மில் பேருந்தில் நானும் அவளும் ஒரே இருக்கையில் வந்து போனவர்கள், பழக்கம் அவ்வளவுதான். கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல் வைத்து உட்கார்ந்திருந்தாள். அவள் வீட்டுக்காரர் எனக்குக் காப்பி வாங்கி வந்து வைத்துவிட்டு, "எம்புட்டுச் சொன்னாலும் இவளுக்கு அவசரந்தான், எதுலயும்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. முடிந்துபோன விஷயம்போலச் சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனார். அவர் போனதும் அக்கா மெதுவாகக் கேட்டாள்.

"தங்கச்சி, எனக்கு ஒண்ணுமே ஞாவகம் இல்ல. பஞ்சு எடுத்துக்கிட்டு இருந்தது வரைக்குந்தான் தெரியுது. மேனேஜர் அய்யா நிப்பாட்டுதேன்னு சொல்லி, நாந்தான் கேக்காம கைய விட்டேனோ? எல்லாரும் சொல்லும்போது, அப்படித்தான் இருக்குமோன்னு தோணுது."

கை போனதைவிட அது கொடுமையாக இருந்தது. தன் கையைத் தானே கொண்டுபோய்க் கொடுத்தோமா என்று ஒரு மனுஷி ராத்திரி பகலாக யோசித்துக்கொண்டிருக்கிறாள். அதற்குப் பதில் ஒரே இடத்தில்தான் இருந்தது. கார்டிங் பிரிவில் ஒரு கேமரா உண்டு. அதன் பதிவுப்பெட்டி சில நாட்கள்தான் வைத்திருக்கும். பிறகு பழையதன் மேலேயே புதியதை எழுதிவிடும். அதனால் விபத்து நடந்த மறுநாள், அதாவது பூஜையன்று காலையில், போலீஸ்காரர் சொன்னதன்பேரில் கேமராக்காரர் வந்து அந்த நாளின் பதிவை ஒரு டிஸ்க்கில் எடுத்து வைத்துவிட்டுப் போனார். மேனேஜர் அய்யாவின் அறையில், அவருடைய விண்டோஸ் கம்ப்யூட்டரில்தான் எடுத்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. "எனக்கு மனசு தாங்காது தாயி" என்றார். மனசு தாங்காதவர் மத்தியானம் பூஜைக்குப் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு வந்தார்.

பூஜையில் அவருடைய வழக்கம் ஒன்று. அறையில் இருக்கிற எல்லாவற்றுக்கும் பொட்டு வைக்க வேண்டும். கீபோர்டு, போன், ஸ்டேப்ளர், அந்த டிஸ்க்கும்கூட. பிறகு, "எல்லாம் ஒரே மூச்சுல ஓய்வெடுக்கணும்" என்று சொல்லி, மில்லின் மெயின் சுவிட்ச் கைப்பிடியை அவரே பிடித்துக் கீழே இறக்குவார். கம்ப்யூட்டர்களை முறையாக நிறுத்திவிட்டு இறக்குங்கள் என்று நான் ஒவ்வொரு வருடமும் சொல்வேன். "பூஜ நேரத்துல மெஷின் பாஷ பேசாத தாயி" என்பார். அன்றும் அப்படியே இறக்கினார். அவர் கம்ப்யூட்டர், அந்த டிஸ்க் சொருகியபடியே, ஸ்லீப் மோடில் அரைத் தூக்கமாக இருந்தது. டிஸ்க்கை அதிலிருந்து பிடுங்கி, சந்தனத்தை அப்பி, சாமி படத்துக்கு முன்னால் வைத்து, இடம் போதாமல் அதன் மேலேயே பால்கோவாத் தட்டையும் வைத்தார்கள். பூஜையில் வைத்ததை மறுநாள் மறுபூஜை முடியும்வரை யாரும் தொடவும் கூடாது. நெய் வழிந்து இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

கொஞ்ச வாரம் கழித்து விசாரணைக்கு அந்தப் பதிவைக் கேட்டார்கள். மேனேஜர் அய்யா டிஸ்க்கைச் சொருகினார். கம்ப்யூட்டர் ஒரு நேரம் தெரிந்துகொண்டது, ஒரு நேரம் தெரியவில்லை என்றது, கடைசியில் ஃபார்மட் செய்யட்டுமா என்று கேட்டது. அதுவே அவருக்குப் போதுமானதாக இருந்தது. என்னைக் கூப்பிட்டுவிட்டார். நான் போனபோது டிஸ்க்கை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, முகமெல்லாம் நிம்மதியாக உட்கார்ந்திருந்தார்.

"பாத்தியா தாயி. ஆத்தா மடியில வச்ச பொருளு. எது இருக்கணும், எது இருக்கக் கூடாதுன்னு அவளுக்குத் தெரியும். அவளே பாத்துக்கிட்டா. டிஸ்க் செத்துப்போச்சுன்னு உங்க பிரிவுலயிருந்து ஒரு வரி எழுதிக் குடுத்துரு."

அவர் திருட்டு முழி முழித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு அருவருப்பு வந்திருக்காது. ஒரு பொய்யனைப் பார்த்த திருப்தியாவது இருந்திருக்கும். அவர் மனதாரச் சொன்னார். சரஸ்வதியே இறங்கிவந்து, வைண்டிங் பிரிவுப் பெண்ணுக்கு எதிராக, இவர் பக்கம் சாட்சியை அழித்துக் கொடுத்ததாக உண்மையிலேயே நம்பினார். கண்ணில் லேசாக நீர்கூட இருந்தது. சோதித்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன் சார் என்று சொல்லி டிஸ்க்கை வாங்கிக்கொண்டு வந்தேன். கை பிசுபிசுவென்று ஒட்டியது.

என் மேசையில் இருந்தது லினக்ஸ் மெஷின். லைசென்ஸ் வாங்க மனம் இல்லாமல், இலவசமாகக் கிடைக்கிறதே என்று அவரே போடச் சொன்னதுதான். டிஸ்க்கைச் சொருகினேன். விளக்கு மினுக்கிவிட்டு அணைந்தது. ஒயரைக் கழற்றி, சொருகுகிற வாயை டார்ச் அடித்துப் பார்த்தேன். அதற்குள் சந்தனம். சாமிக்குச் சாத்துகிற அக்கறையோடு வாய் நிறைய அப்பியிருந்தார்கள். பல்குத்தும் குச்சியை எடுத்து, ஸ்பிரிட்டில் நனைத்து, சுரண்டிச் சுரண்டி எடுத்தேன். மஞ்சள் சேறாக வந்தது. கூடவே பழைய நெய்யின் சிக்கு நாற்றம். மூக்கை முந்தானையால் பொத்திக்கொண்டு வேலை பார்த்தேன். எனக்கு வந்த கெட்டவார்த்தைகளை இங்கே எழுதவில்லை.

வாய் சுத்தமானதும் டிஸ்க் உள்ளே சுற்றுகிற சத்தம் நன்றாகக் கேட்டது. செத்தது என்று சொன்ன பொருளுக்கு நாடி துடித்தது. இனி அதை மவுண்ட் செய்ய வேண்டும். ஒரு டிஸ்க்கை லினக்ஸில் சொருகினால் மட்டும் போதாது. இதை இந்த இடத்தில் திறந்து காட்டு என்று கட்டளை கொடுக்க வேண்டும், அதுதான் மவுண்ட். கொடுத்தேன். ஃபைல் சிஸ்டம் வகை தவறு, அல்லது கொடுத்த விவரம் தவறு, அல்லது டிஸ்க்கின் தலைப்பகுதி கெட்டிருக்கிறது, அல்லது துணை புரோகிராம் இல்லை, அல்லது வேறு ஏதோ என்று பதில் வந்தது. தாலுகா ஆபீஸ் ஜன்னலில் கிடைக்கிற பதில் மாதிரி, எல்லாக் காரணத்தையும் சேர்த்துச் சொல்லிவிட்டு வேலையை நம் தலையில் கட்டுகிற பதில். ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு வந்தேன். தலைப்பகுதி நன்றாகத்தான் இருந்தது. விஷயம் எளிமையானது. விண்டோஸ் தன் டிஸ்க்கில் கணக்கு எழுதுகிற முறை வேறு, லினக்ஸ் எழுதுகிற முறை வேறு. ஒன்று எழுதியதை மற்றொன்று படிக்க நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். அந்தப் புரோகிராம் மில்லின் பழைய மெஷினில் போடப்படவே இல்லை. அதை இணையத்திலிருந்து இறக்கிப் போட்டேன்.

மறுபடி கட்டளை கொடுத்தேன். இந்தத் தடவை பதில் தெளிவாக வந்தது. இந்த டிஸ்க் முறையாக மூடப்படவில்லை. எழுத வேண்டிய சில குறிப்புகள் விண்டோஸின் கைவசமே நின்றுவிட்டன. அதனால் திறக்க மாட்டேன். நான் வாய்விட்டுச் சிரித்தேன். பக்கத்து அறை டைப்பிஸ்ட் எட்டிப் பார்த்தாள். மெயின் சுவிட்சை இறக்கிய அந்தக் கைதான் இந்தக் கோளாறுக்குக் காரணம். ஆத்தா ஒன்றும் செய்யவில்லை. அரைத் தூக்கத்தில் இருந்த கம்ப்யூட்டரின் மின்சாரத்தை ஒருவர் பக்தியோடு பிடுங்கியிருக்கிறார், அவ்வளவுதான்.

இணையத்தில் தேடினால் இதற்கு ஆளுக்கு ஒரு வைத்தியம் சொல்கிறார்கள். பலவந்தமாகத் திற, தூக்கக் குறிப்பை அழித்துவிடு, ரிப்பேர் கட்டளையைக் கொடு, ஒரு நிமிட வேலை என்று. வேறு டிஸ்க்காக இருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் ரிப்பேர் என்பது டிஸ்க்கில் எழுதுகிற வேலை. அரைகுறையாகக் கிடப்பதை அது தூக்கி எறிந்துவிடலாம். அந்த அரைகுறை அக்காவின் சாயங்காலமாக இருந்தால்? அப்படியே பிழைத்தாலும், நீ கை வைத்துத் திருத்திவிட்டாய் என்று மில் வக்கீல் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அதனால் திறக்காமலேயே, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமலேயே, முழு டிஸ்க்கையும் எழுத்துக்கு எழுத்து இன்னொரு டிஸ்க்கில் நகல் எடுக்க விட்டேன். ஷிப்டு முழுக்க ஓடியது. நடுவில் மேனேஜர் அய்யா அந்தப் பக்கம் வந்தார்.

"என்ன தாயி, எழுதிட்டியா?"

"பாத்துக்கிட்டு இருக்கேன் சார்."

"போனது போச்சு. பொட்டு வச்ச பொருள நோண்டாத. குடும்பத்துக்கு ஆகாது" என்று சொல்லி, சட்டைப் பையிலிருந்து பால்கோவாக் காகிதத்தை எடுத்து, ஒரு துண்டைக் கிள்ளி என் கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். அதில் எறும்பு வரும்வரை நான் தொடவில்லை.

நகல் முடிந்தது. அசல் டிஸ்க்கை உறையில் போட்டு என் மேசை டிராயரில் வைத்துப் பூட்டினேன். நகலை மட்டும் ரீட் ஒன்லியாக, அதாவது பார்க்கலாம் எழுதக் கூடாது என்கிற நிபந்தனையோடு மவுண்ட் செய்தேன். ஒன்றும் சொல்லாமல் அடுத்த வரிக்குப் போனது. லினக்ஸுக்குக் குறை சொல்ல எதுவும் இல்லாவிட்டால் வாயைத் திறக்காது. அந்த மௌனத்தைப் போல நிம்மதியான ஒன்றை அந்த மில்லில் நான் அனுபவித்ததில்லை. கேமராவின் பெயரில் ஒரு ஃபோல்டர் இருந்தது. அந்த நாளின் பதிவு முழுதாக இருந்தது. கதவைச் சாத்திவிட்டு ஓடவிட்டேன். முடியும்வரை பார்த்தேன். பிறகு நகலையும் டிராயரில் அசலோடு வைத்துப் பூட்டினேன்.

மறுநாள் வேலைக்குப் போகாமல் ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். விசாரணை அதிகாரியின் அலுவலகம் கோர்ட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. டிஸ்க் விஷயமாக என் வாக்குமூலத்தையும் அவர் கேட்டிருந்ததால் அசலையும் நகலையும் அவரிடமே ஒப்படைத்தேன். விசாரணை நாளன்று எல்லோருக்கும் முன்னால் பார்க்கலாம் என்றார். அங்கிருந்து அக்கா வீட்டுக்குப் போய், பதிவு கிடைத்துவிட்டது, நீ பார்க்க வேண்டாம் அக்கா, நான் சொல்கிறேன் என்றேன். அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டாள். "நீ சொன்னா அது உன் வாய். என்னய நானே பாக்கணும். பாத்தாத்தான் தூக்கம் வரும்" என்றாள்.

விசாரணை நாளன்று மேனேஜர் அய்யா சீக்கிரமே வந்து, அதிகாரியின் மேசையில் ஒரு கிலோ பால்கோவா டப்பாவை வைத்திருந்தார். அதிகாரி அதைத் தொடாமல் ஓரமாகத் தள்ளி வைத்திருந்தார். அக்கா முந்தானைக்குள் கையை மறைத்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். அவள் வீட்டுக்காரர் பின்னால் சுவரோடு நின்றார். மேனேஜர் அய்யா என்னைக் காட்டி, "டிஸ்க்கு போயிருச்சு சார். எங்க சிஸ்டம்ஸ் அம்மாவே சொல்லுவாங்க" என்றார்.

"டிஸ்க் போகல சார்" என்றேன்.

அதிகாரி எடுத்துக் கொடுத்த நகலைச் சொருகி, லேப்டாப்பை அவர்கள் பக்கம் திருப்பி வைத்து ஓடவிட்டேன். அந்தப் பதிவில் சத்தம் கிடையாது. அக்கா குனிந்து பஞ்சை எடுத்துக்கொண்டிருக்கிறாள். மெஷினின் மூடி திறந்திருக்கிறது, உருளை ஓடிக்கொண்டிருக்கிறது. மேனேஜர் அய்யா தட்டோடு வருகிறார். பொட்டு வைக்கக் கையை நீட்டிவிட்டு நிறுத்துகிறார். உள்ளே ஒட்டியிருக்கிற பஞ்சைப் பார்த்துவிட்டார். கடிகாரத்தைப் பார்க்கிறார். பொட்டு வைக்கிற விரலால் உள்ளே காட்டுகிறார், அங்கே, இன்னும் உள்ளே என்று. அக்கா அவர் முகத்தைப் பார்க்கிறாள். மெஷினைக் காட்டி என்னவோ கேட்கிறாள். அவர் மறுபடியும் அதே விரலால் காட்டுகிறார். அவள் கையை உள்ளே விடுகிறாள்.

அடுத்ததைப் பார்க்க முடியாமல் நான் மற்றவர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரையில் நடப்பது எனக்குத் தெரியும். அக்காவின் உடம்பு மெஷினோடு சேர்ந்து உலுக்குகிறது. சிவப்பு நிறுத்தப் பொத்தான் மேனேஜர் அய்யாவின் முழங்கைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இரண்டு கையிலும் தட்டு. அவர் தரையைப் பார்க்கிறார். தரையெல்லாம் எண்ணெயும் பஞ்சும். இந்தப் பக்கம் திரும்புகிறார், அந்தப் பக்கம் திரும்புகிறார். பிறகு நடந்து, சாமி படம் வைத்திருந்த மேசைவரை போய், ஒரு பூவைக்கூடச் சிந்தாமல் தட்டை அதன் மேல் வைக்கிறார். அதற்கப்புறம் திரும்பி வந்து பொத்தானை அழுத்துகிறார்.

பதிவு முடிந்ததும் அக்கா, "தங்கச்சி, மொதல்ல இருந்து ஒரு தடவ போடு. அவிய வெரல நீட்டுறது மட்டும்" என்றாள். போட்டேன். அவர் விரலை நீட்டினார். அவள் என்னவோ கேட்டாள். அவர் மறுபடியும் நீட்டினார். அந்த இடத்தில் நிறுத்தச் சொன்னாள். திரும்பித் தன் வீட்டுக்காரரைப் பார்த்து, "நான் அவசரப்படல. கேட்டுட்டுத்தான் விட்டிருக்கேன்" என்றாள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதார்.

அதிகாரி மேனேஜர் அய்யாவைப் பார்த்து, "பக்கத்துலதானே ஸ்விட்ச் இருந்துச்சு? ஏன் அமுக்கல?" என்று கேட்டார். மேனேஜர் அய்யாவுக்குக் கேள்வியே புரியவில்லை. உண்மையிலேயே புரியவில்லை. பதறவில்லை, தலைகுனியவில்லை. சின்னப் பிள்ளைக்கு விளக்குவதுபோல, அதே அமைதியான குரலில் சொன்னார்.

"கையில பூஜத் தட்டு இருந்துச்சே சார். அதக் கீழ வைக்க முடியுமா?"

சொல்லிவிட்டு, ஆமாம்தானே என்று எல்லோர் முகத்தையும் பார்த்தார். என் முகத்தையும் பார்த்தார். ஓரத்தில் எழுதிக்கொண்டிருந்த கிளார்க் தன்னை அறியாமல் ஆமாம் என்று தலையை ஆட்டியதை நான் பார்த்தேன். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்காது. மேனேஜர் அய்யா ஒருவர்தானே இப்படி என்று மனதைத் தேற்றிக்கொள்ள அந்தக் கிளார்க் இடம் வைக்கவில்லை.

முடிவு அக்கா பக்கம் வந்தது. மெஷினை ஓடவிட்டுக் கை விடச் சொன்னது மேனேஜர்தான் என்று அதிகாரி எழுதினார். மில் அவரை வேறு ஊர் யூனிட்டுக்கு மாற்றியது. போகிற அன்றைக்கு மாலை போட்டு, ஆட்களை வரிசையில் நிற்கவைத்து வழியனுப்பினார்கள். என்னை யாரும் வேலையை விட்டுப் போகச் சொல்லவில்லை. நாற்காலியை மட்டும் கழிவறைக்குப் பக்கத்தில் மாற்றிப் போட்டார்கள். இரண்டு மாதம் அந்த நாற்றத்தில் உட்கார்ந்துவிட்டு நானே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். விசாரணை முடிந்து திரும்பி வந்த டிஸ்க்கை மில்லில் யாரும் தொடப் பயந்தார்கள். நான் கேட்டதும் கொடுத்துவிட்டார்கள். மேனேஜர் அய்யா இப்போது ஓய்வுபெற்று இங்கேதான் இருக்கிறார். போன மாதம் ஸ்ரீவில்லிபுத்தூர் கடைத்தெருவில் எதிரே வந்தார். "நல்லாருக்கியா தாயி" என்று மனதார விசாரித்து, கையிலிருந்த பொட்டலத்தைப் பிரித்தார். நான் ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய்விட்டேன்.

போன ஆயுத பூஜையன்று கடையைத் திறந்து வைத்திருந்தேன். வழக்கம்போல மத்தியானத்துக்குள் சந்தனம் அடைத்துக்கொண்ட லேப்டாப்புகளோடு ஆட்கள் வர ஆரம்பித்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் வாசலில் குனிந்து, டிஸ்க்கை எடுத்து, கண்ணில் ஒற்றி, என் மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். காற்று கதவைப் படாரென்று சாத்தியது. அதைத் தள்ளித் திறந்துகொண்டு அக்கா உள்ளே வந்தாள். அவள் மகளின் போனில் ஏதோ கோளாறு. மேசையில் இருந்த டிஸ்க்கைச் செத்த நேரம் பார்த்தாள். கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவில் கவ்வி, இடது கையை அடியில் கொடுத்துத் தூக்கினாள். அந்த ஆள் பதறிப்போய், "யம்மா, கீழ வச்சிராதிய, பொட்டு வச்சிருக்கு" என்றார்.

"தெரியும்ணே" என்றாள் அக்கா. வாசலுக்குப் போய்த் தரையில் வைத்தாள். வைத்து, காலால் கதவோரம் தள்ளினாள். பிறகு திரும்பி வந்து, போனை என்னிடம் நீட்டி, "சார்ஜே ஏற மாட்டேங்குது, பாரு" என்றாள். நான் டார்ச்சை எடுத்துச் சொருகுகிற வாயைப் பார்த்தேன். கதவு திறந்தே இருந்தது.